நெஞ்சு வலி மாத்திரை பக்கவாதத்துக்கு ஆகுமா?



ராசிபுரம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் ஆகி, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "ஏனுங்க மேடம், நெஞ்சு வலின்னு போனா ஆரம்ப சுகாதார நிலையத்துல 14 மாத்திரை குடுக்கறாங்களே, அதையே பக்கவாதத்துக்கும் குடுத்தா ஆகாதுங்களா?"

எங்கள் களப்பணியாளர்களில் ஒருவர் உடனே, "ஆகும்னுதான் நினைக்கிறேன், ரெண்டும் அடைப்புதானே" என்று சொல்லிவிட்டார். கேட்ட அம்மா ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் போனபிறகு தனியாக வந்து உட்கார்ந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய மாமனாருக்கு விடியற்காலையில் வாய் கோணிக்கொண்டது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு இதய நோய் இருப்பதால் ஆஸ்பிரின் மாத்திரை வீட்டில் எப்போதும் இருக்கும். அதில் ஒன்றைப் பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார். வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய் ஸ்கேன் எடுத்ததில், மூளையில் ரத்தக் கசிவு என்று சொன்னார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கையும் காலும் இன்றுவரை முழுதாக வரவில்லை. "நான் குடுத்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சுங்களா?" இதுதான் அவர் கேட்க நினைத்த கேள்வி. கூட்டத்தில் கேட்டது அதற்கு முன்னோட்டம்.

நாங்கள் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பினோம். அப்புறம் மருத்துவரிடம் கேட்டோம், படித்தோம். அவர் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்கள் பணியாளர் சொன்ன பதிலில் பாதி சரி. தப்பான மறுபாதி ஓர் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வெளியில் ஒன்று, உள்ளே இரண்டு

பக்கவாதம், வாதம், கை கால் விழுந்துபோச்சு, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு என்று பல மாதிரி சொல்கிறோம். எல்லாமே மூளைக்குப் போகிற ரத்தம் கெட்டுப்போவதால் வருவது. ஆனால் அது இரண்டு விதமாகக் கெடும்.

நம் காட்டில் போட்டிருக்கிற சொட்டுநீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கிற மரவள்ளி வாடும். அதே குழாய் மோட்டார் அழுத்தம் தாங்காமல் வெடித்தாலும் அப்பால் இருக்கிற செடி வாடும். கூடவே வெடித்த இடத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு அங்கே இருப்பதும் அழுகும். தூரத்தில் நின்று வாடிய செடியை மட்டும் பார்த்தால், அடைப்பா வெடிப்பா என்று யாருக்கும் தெரியாது. குழாயைப் பார்த்தால்தான் தெரியும்.

மூளையிலும் அப்படித்தான். பாதிக்கு மேல் அடைப்பால் வருகிற பக்கவாதம்தான். கசிவால் வருவதும் நம் நாட்டில் குறைவு இல்லை. வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை வருடம் படித்த டாக்டராக இருந்தாலும் முகத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

அடைப்புக்குத் தேவை ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து. கசிவுக்குத் தேவை ரத்தம் உறைந்து ஓட்டை மூடிக்கொள்வது. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதல். அந்த அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது.

அந்த 14 மாத்திரை என்பது 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் வருவது. நெஞ்சு வலியோடு வருபவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் கொடுத்து அனுப்புகிறார்கள். மாரடைப்பு என்பது பெரும்பாலும் அடைப்புதான், அதனால் அங்கே அது சரி. பக்கவாதத்தில் ஸ்கேனுக்கு முன்னால் கொடுத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுப்பதுதான்.

ஆஸ்பிரின் வந்த கதை

ஆனால் எங்கள் பணியாளர் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஓர் உறுப்புக்கு என்று இருந்த மருந்து இன்னொன்றுக்கும் பயன்படும் என்பது நடந்திருக்கிறது. நாமே கட்டிப் பழசான சேலையைக் குழந்தைக்குத் தொட்டிலாகக் கட்டுகிறோம், அப்புறம் கால்மிதி ஆக்குகிறோம். மருத்துவர்களும் பழைய மருந்துக்குப் புது வேலை தேடுகிறார்கள். புதிதாக ஒரு மருந்து கண்டுபிடிக்க வருடக்கணக்காகும், கோடிக்கணக்கில் செலவாகும். பழைய மருந்து என்றால் என்ன பக்கவிளைவு வரும் என்பது ஏற்கனவே தெரியும், விலையும் குறைவு. ஆனால் மலிவான மாத்திரையைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனிகளுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. அதில் என்ன லாபம்? அதனால் இந்த ஆய்வுகளில் பலவற்றை அரசுப் பணத்திலும் பல்கலைக்கழகங்கள் மூலமாகவும்தான் நடத்துகிறார்கள்.

ஆஸ்பிரின் 1899-ல் பேயர் என்ற ஜெர்மன் கம்பெனி விற்க ஆரம்பித்த வலி, காய்ச்சல் மாத்திரை. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அந்த டிஸ்பிரினும் இதுதான். அமெரிக்காவில் லாரன்ஸ் கிரேவன் என்று ஒரு சாதாரண ஊர் டாக்டர் இருந்தார். தொண்டையில் டான்சில் அறுவை செய்துகொண்டவர்கள் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த மிட்டாயை மென்றபோது ரத்தம் அதிகமாகக் கசிவதைப் பார்த்தார். ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து என்றால் அடைப்பையும் தடுக்குமே என்று யோசித்தார். 1950-களில் நடுவயது ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாததற்கு ஒரு காரணம் உண்டு. புது உரம் ஒன்றைக் காடு முழுக்கப் போட்டுவிட்டு, விளைச்சல் நன்றாக இருக்கிறது என்றால், அது உரத்தாலா, மழையாலா என்று எப்படிச் சொல்வது? பாதிக் காட்டுக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட்டுப் பார்க்க வேண்டும். மருந்திலும் அப்படித்தான். ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். கிரேவன் இதைச் செய்யவில்லை. ஆஸ்பிரினை அவ்வளவு நம்பிய அவரே 1957-ல் மாரடைப்பில் இறந்தார்.

முறையான ஆய்வு கனடாவில் நடந்து 1978-ல் முடிவு வந்தது. லேசான பக்கவாதம் வந்துபோன 585 பேரில், ஆஸ்பிரின் சாப்பிட்ட ஆண்களுக்குப் பக்கவாதமோ சாவோ பாதியளவு குறைந்தது. பெண்களுக்குப் பலன் தெரியவில்லை. ஏன் தெரியுமா? ஆய்வில் சேர்த்த பெண்கள் 179 பேர்தான், ஆண்கள் 406 பேர். ஆள் குறைவாக இருந்ததால் கணக்கில் பலன் தெரியவில்லை. அதை வைத்து அமெரிக்க அரசு 1980-ல் பக்கவாதத் தடுப்புக்கு ஆஸ்பிரினை ஆண்களுக்கு மட்டும் அனுமதித்தது. பெண்களுக்கும் அனுமதி வந்தது 1998-ல். பதினெட்டு வருடம்! கணக்கெடுப்பில் நம்மைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று கிராம சபையில் பேசுகிறோமே, மருந்திலும் அதே கதைதான்.

அப்புறம் 1997-ல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. ஒன்று 36 நாடுகளில், இன்னொன்று சீனாவில். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 40,000 நோயாளிகள். அடைப்புப் பக்கவாதம் வந்து இரண்டு நாளுக்குள் ஆஸ்பிரின் ஆரம்பித்தால், 1000 பேரில் சுமார் 10 பேருக்கு மறு தாக்குதலோ சாவோ தடுக்கப்படுகிறது என்று தெரிந்தது. பத்துப் பேர்தானா என்று தோன்றும். சில ரூபாய் மாத்திரை அது; உலகம் முழுக்கக் கணக்குப் போட்டால் பெரிய எண்ணிக்கை.

கவனிக்க வேண்டியது, இதில் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்தாலும் இந்தப் பலன் கிடைக்கும். வீட்டில் அவசரப்பட்டுக் கொடுப்பதால் பெரிதாக மிச்சமாவது ஒன்றும் இல்லை.

ஊசி மருந்துக்குத்தான் அவசரம்

நேரம் பார்க்க வேண்டியது கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு. இதுவும் இதயத்திலிருந்து வந்ததுதான். ஆல்டிபிளேஸ் என்ற மருந்து அமெரிக்காவில் 1987-ல் மாரடைப்புக்கு அனுமதி பெற்றது. பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 624 பேரிடம் நடந்து 1995-ல் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் ஊனமில்லாமல் எழுந்தவர்கள் அதிகம். ஆனால் ஊசி போட்ட 100 பேரில் 6 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. போடாதவர்களில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஆபத்தோடு சேர்த்துப் பார்த்தும் லாபமே அதிகம் என்பதால் 1996-ல் அனுமதி கிடைத்தது. 2008-ல் வந்த இன்னோர் ஆய்வு நாலரை மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று காட்டியது.

இப்போது டெனெக்டிபிளேஸ் என்று இன்னொன்று. அதுவும் மாரடைப்பு மருந்தே. ஆல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், இதை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் 2025 மார்ச்சில்தான் இதைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தார்கள். நம் நாட்டில் புனேயில் இருக்கிற ஜென்னோவா கம்பெனி தயாரிக்கிற மருந்துக்கு அதற்குச் சில வருடம் முன்பே அனுமதி கிடைத்துவிட்டது.

ஆனால் மாரடைப்பு மருந்து எல்லாமே மூளைக்கு ஆகும் என்று இல்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசியை நம் ஊர்களில் மாரடைப்பு வந்த பலருக்கும் போட்டிருப்பார்கள். விலை குறைவு, பல உயிரைக் காப்பாற்றிய மருந்து. 1990-களில் அதையும் பக்கவாதத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூளையில் கசிவு அதிகமாகி நோயாளிகள் இறந்ததால் ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே வேலை செய்கிற மருந்து, அதே கட்டியைத்தான் கரைக்கிறது. இதயத்தில் காப்பாற்றியது மூளையில் கொன்றுவிட்டது.

இப்படி ஆகாமல் போன மருந்துகளில் நமக்குத் தெரிந்த பெயர்கள் நிறைய இருக்கின்றன.

மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருந்தால் டாக்டர் எழுதித் தருகிற ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை நம்மில் பலர் சாப்பிட்டதுதான். 1962-ல் ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்தது அது. குழந்தையை விட்டுவிட்டு வர இடம் இல்லாமல், முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அந்த அம்மா. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். இந்த மருந்து ரத்தத்தை நிற்க வைக்கும், அதனால் கசிவுப் பக்கவாதத்துக்கு உதவுமா என்று 12 நாடுகளில் 2,325 பேரிடம் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. முதல் வாரத்தில் சாவு கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அடைப்பு வந்தவருக்கு இதைக் கொடுத்தால் இன்னும் ஆபத்து. ஆஸ்பிரினும் இதுவும் ஒரே டப்பாவில் இருக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒன்று ரத்தத்தை ஓட வைப்பது, ஒன்று நிற்க வைப்பது.

மனச்சோர்வுக்குத் தருகிற ஃப்ளுவாக்சடின் மாத்திரை விழுந்த கை காலை எழுப்பும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. பிரான்சில் 118 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு 2011-ல் அப்படித்தான் சொன்னது. பிறகு இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டனில் 3,127 பேரிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கை கால் பலத்தில் வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் எலும்பு முறிவு இரட்டிப்பானது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இருந்த மருத்துவர்கள் தனித்தனியே நடத்திய ஆய்வுகளும் 2020-ல் அதையே சொல்லின. 118 பேரை நம்பி நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எல்லாப் பக்கவாத நோயாளிக்கும் அதைக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

சர்க்கரை நோய்க்குத் தருகிற கிளிபென்கிளமைடை ஊசியாகப் போட்டால் மூளை வீக்கம் வற்றுமா என்று பார்த்ததும் 2024-ல் பலன் இல்லை என்றே முடிந்தது. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பற்றி சீனாவிலிருந்து 2025-ல் நல்ல செய்தி வந்திருக்கிறது. மற்ற நாடுகளிலும் பார்த்து உறுதி செய்தால்தான் அது சிகிச்சை ஆகும்.

கண்வலிக்கிழங்கு பற்றி ஒரு வார்த்தை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாநிலப் பூவான செங்காந்தளைத்தான் கரூர், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தலில் ஏற்றிப் பயிர் செய்கிறார்கள். நம் உறுப்பினர்களில் சிலர் விதை பறிக்கிற கூலி வேலைக்கும் போயிருப்பீர்கள். அந்த விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்து எடுக்கிறார்கள். யூரிக் ஆசிட் ஏறி வருகிற மூட்டு வலிக்கு அது பழைய மருந்து. ரத்தக்குழாய் உள்சுவரின் அழற்சியைக் குறைக்கும் என்பதால், பக்கவாதம் மறுபடி வராமல் தடுக்குமா என்று பார்த்தார்கள்.

2024-ல் இரண்டு முடிவுகள் வந்தன. ஐரோப்பாவை மையமாக வைத்து 3,154 பேரிடம் நடந்த ஆய்வில், கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 10 பேருக்கும், சாப்பிடாதவர்களில் சுமார் 12 பேருக்கும் மறு தாக்குதல் போன்றவை வந்தன. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் பலன் நிரூபணம் ஆகவில்லை. சீனாவில் 8,343 பேரிடம் மூன்று மாதம் பார்த்ததில் வித்தியாசமே இல்லை.

"கண்வலிக்கிழங்கு வாதத்துக்கு நல்லது, வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றாங்க" என்று யாராவது சொன்னால் நம்பி அந்தக் கிழங்கையோ விதையையோ அரைத்துக் குடித்துவிடாதீர்கள். ஆய்வில் கொடுப்பது அரை மில்லிகிராம் அளவு. கிழங்கைத் தின்றால் கொடிய விஷம். அதைத் தின்று உயிரை விட்ட பெண்களைப் பற்றி நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை.

சரி, வேலை செய்தது எது?

எங்களுக்கு வியப்பாக இருந்தது இதுதான். கசிவுப் பக்கவாதத்துக்குப் புது மருந்து எதுவுமே இல்லாமல், ஆஸ்பத்திரியில் ஏற்கனவே இருக்கிறதை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வியட்நாம், நைஜீரியா உட்பட 10 நாடுகள், 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். செய்தது என்ன? வந்த ஒரு மணி நேரத்துக்குள் பி.பி.யை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலைத் தணிப்பது, ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதற்கு மாற்று மருந்து கொடுப்பது. அவ்வளவுதான். 2023-ல் வந்த முடிவில், இப்படிச் செய்த இடங்களில் ஊனமும் சாவும் குறைந்திருந்தன.

அப்படியானால் பி.பி. மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று உடனே தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. சீனாவில் இதையும் பார்த்திருக்கிறார்கள். 2,404 பேருக்கு ஆம்புலன்ஸிலேயே, ஸ்கேனுக்கு முன்னால், பி.பி.யைக் குறைக்க ஊசி போட்டார்கள் அல்லது போடாமல் விட்டார்கள். 2024-ல் கணக்குப் பார்த்தால், கசிவு இருந்தவர்களுக்கு நன்மை, அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல். இரண்டையும் கூட்டினால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் ஆம்புலன்ஸில் செய்தே இப்படி. நாம் வீட்டில் எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

ஆகவே நம் கையில் இருப்பது மாத்திரை அல்ல, நேரம். ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுந்தால், பேச்சு குழறினால், உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், எழுந்த நேரத்தை எழுதக் கூடாது; இரவு படுக்கும்போது நன்றாக இருந்தாரே, அந்த நேரத்தை எழுத வேண்டும். ஊசி போடலாமா கூடாதா என்பதை அதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். தவணை தேதியைக்கூடத் தப்பாமல் எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

வாயில் மாத்திரை, காபி, சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். தொண்டையும் பாதிக்கப்பட்டிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகளையும் சீட்டையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதை முதலில் சொல்லுங்கள். புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் போட்டு நீவுவது என்று யார் வழியில் மறித்தாலும் நிற்காதீர்கள். அதற்கு ஆகிற ஒரு மணி நேரம் திரும்ப வராது.

ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து இன்னோர் இடம் என்று அலைவதில்தான் நம் வட்டாரத்தில் நேரம் போகிறது. ராசிபுரத்திலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். 108-ல் வருகிறவரிடம் "பக்கவாதம் மாதிரி இருக்கு, ஸ்கேனும் ஊசியும் இருக்கற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாலரை மணி நேரம் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர அல்ல. ஸ்கேன் எடுத்து, பார்த்து, ஊசி ஏறுவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பெரிய அடைப்பாக இருந்தால் மெல்லிய குழாய் விட்டு எடுக்கிற சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம்.

இனி வராமல் தடுக்க, நமக்கு ஏற்கனவே கிடைக்கிற பி.பி. மாத்திரைதான் முதல் மருந்து. பக்கவாதம் வந்துபோன 6,105 பேரிடம் நடந்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. பி.பி. மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு மறு தாக்குதல் கால் பங்குக்கு மேல் குறைந்தது. இந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்து தருகிற தன்னார்வலர்கள் வேறு யாரும் இல்லை, நம் மகளிர் குழுப் பெண்கள்தான். "தலை சுத்தல, நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம் குழுக்களிலேயே எத்தனை பேர் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பி.பி. ஏறி இருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. விசைத்தறியில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களும், லாரியில் வாரக்கணக்கில் வெளியூர் போகிற வீட்டுக்காரர்களும்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். லாரிக்குப் போகிறவருக்கு ஒரு மாத மாத்திரையைத் துணிப்பையோடு வைத்து அனுப்புங்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். மருத்துவர் சொன்னது இது: பெரியவருக்கு வாய் கோணியபோதே உள்ளே குழாய் வெடித்துவிட்டது, மாத்திரை கொடுத்தது அதற்குப் பிறகு. வெடித்ததற்குக் காரணம் அவர் பல மாதமாக விட்டுவிட்ட பி.பி. மாத்திரை. ஓர் ஆஸ்பிரின் கசிவை எவ்வளவு கூட்டியது, கூட்டியதா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நல்லது செய்ய நினைத்து, யாரும் சொல்லிக் கொடுக்காததால் செய்தது அது. அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எங்கள் பணியாளரே எழுந்து, "போன தடவ நான் சொன்னது தப்புங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் 108-ம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணும் எழுதினார்கள். கூட்டம் முடிந்து அந்த அம்மா எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார். திண்ணையில் பெரியவர் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார். அலமாரியில் இப்போது இரண்டு டப்பா. ஒன்றில் வீட்டுக்காரர் படம் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் மாமனார் படம். "எனக்குப் படிக்கத் தெரியும், எங்க மாமியாருக்குத் தெரியாதுங்களே, அதான்" என்றார்.